ரேடியோ நெல் கற்பிக்கும் பாடம்

பயிர்த்தொழிலுக்குரிய ஓர் உண்மை ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டறியப்பட்ட மாத்திரத்தில் கிராமத்திற்கு நன்மை விளைந்துவிடாது. உழுபவருக்கும் நாற்று நடுபவருக்கும் அது விளங்கும் வகையில் சென்று சேருதல் வேண்டும்.

இதற்குத் திருச்சிராப்பள்ளியே சான்றாகும். இந்நகரின் வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி துவங்கிற்று. 1966-ல் விவசாயிகளுக்கென்று தனிப்பகுதி அமைக்கப்பெற்ற நிலையங்களுள் இதுவும் ஒன்று. அக்காலத்தில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தினின்று ஏ.டி.டி. 27 என்னும் நெல் வந்திருந்தது. சுமார் 105 நாட்களில் விளைவதால் அது குறுவைக்கு ஏற்றதாயிற்று. எழுத்தறிந்தோர் சிறுபான்மையினராயிருந்த அந்நாளில், அதன் சாகுபடி முறைகள் திருச்சி வானொலி வாயிலாகத் தமிழில் பரவின. தஞ்சை ஜில்லா ஜனங்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். செவியால் அறிவதற்கு எழுத்து வேண்டுவதில்லை என்பதே அதன் காரணம்.

ஆயினும் பாஷை மட்டும் தமிழாயிருப்பது போதாது. அளவும் கேட்போருடையதாயிருத்தல் அவசியம். உதாரணமாக, ‘ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து’ என்று ஓர் அறிக்கை கூறுவதாகக் கொள்வோம். ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ உண்டு. எனவே, ‘ஏக்கருக்கு, அதாவது மூன்று மாவுக்கு, ஒரு மூட்டை’ என்றால் அனைவருக்கும் விளங்கும். (இது கணக்கிற்கு உதாரணமேயன்றிச் சிபாரிசு அன்று.) ஹெக்டேர் அளவை ஏக்கருக்கென்று பிறழ உணர்ந்தவர் இரண்டரை மூட்டை இட்டுவிடுவார். கடன் வாங்கிய பணம் வீணாவதுடன் பயிரும் சாயும்; பூச்சியும் நோயும் பெருகும்.

செவிப்புலனில்லாதவருக்கு வானொலியால் பயனில்லை. அவருக்குப் படமும் செய்முறையும் வேண்டும். பார்வையற்றவருக்குப் படத்தால் பயனில்லை. அவர் விதையையும் மண்ணையும் கையால் தொட்டறியலாம். திருச்சியில் கே.கே. நகருக்கு அண்மையில், புதுக்கோட்டைச் சாலையிலுள்ள கோளரங்கத்தில் வானசாஸ்திரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்சிகளாகக் காட்டி விளக்குகின்றனர். நட்சத்திரங்களை விளக்குவதற்கே இத்தனை ஏற்பாடு தேவையெனில், வயிற்றுப்பாட்டிற்குரிய விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

கூட்டுறவு சங்க அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றை அனுஷ்டானத்திற்குக் கொண்டுவரலாம்:

1. சங்கத்திற்கு வரும் விவசாய அறிக்கைகளைச் சுவரில் ஒட்டுவதோடு நில்லாமல், கூட்டத்தில் உரக்கப் படித்தல்.

2. எல்லா அளவுகளையும் ஊர் வழக்கிலுள்ள மா, ஏக்கர், மூட்டைக் கணக்கில் மாற்றிச் சொல்லுதல்.

3. நடவு, களை வேலை செய்யும் பெண்களும் குத்தகைதாரர்களும் வரக்கூடிய வேளையில் கூட்டம் வைத்தல்.

4. கேட்டவர் ஒருவரைத் தம் சொல்லில் திரும்பக் கூறச் செய்தல். அவர் தடுமாறினால் குறை விளக்கத்தில் உள்ளதேயன்றி அவரிடத்தில் இல்லை.

5. எழும் சந்தேகங்களைக் காரியதரிசி எழுதி விவசாய அதிகாரிக்கு அனுப்பி, பதிலை அடுத்த கூட்டத்தில் தெரிவித்தல்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. குறுவைக்கு நாற்று விடுமுன் ஒரு கூட்டம் கூட்டித் துவங்குதல் நலம்.