விரல் போச்சு... கையெழுத்து போடும் முன் கொஞ்சம் பொறுங்க!

கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு பவர் பிரஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு கார்டு கழற்றிய மெஷினில் ஒரு நொடி போதும், விரல் போய்விடும். ‘ஆஸ்பத்திரி செலவோட 20 ஆயிரம் தர்றோம், இதுல கையெழுத்து போடுப்பா’ என்று பேப்பரை நீட்டினால்?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடிக்கிறார்கள் என்றால் இழப்பீடு அங்கேதான். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம்; நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் ஆயுள் முழுக்கப் பணம் வரும். விபத்து அறிக்கையை கம்பெனி அனுப்பியதா என்று மட்டும் விடாமல் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ வராத சின்னப் பட்டறையா? தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போடலாம். இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவிகித இழப்பு. 30 வயது, 15,000 ரூபாய் சம்பளம் என்றால் சுமார் 2.62 லட்சம் வருகிறது. எங்கே 20 ஆயிரம், எங்கே இது! உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய பேப்பரும் செல்லாது.

அட்டவணையே முடிவும் அல்ல. இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, இழப்பு 100 சதவிகிதம் என்பதை 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விபத்து நடந்த அன்றே பணம் பாக்கியாகிவிடுகிறது என்றும் சொன்னது. மனு போட 2 வருடம்தான் அவகாசம்.