பட்டன்... நூல்... கிர்ர்ர்ர்!

ஜவ்வாது மலையில் என்.எஸ்.எஸ். கேம்ப். 'வாண்டுகளுக்கு ஏதாவது கொண்டு போகணும்டா' என்று ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, போளூர் பஜாரில் பேட்டரி கார்களாக வாங்கி அள்ளிக்கொண்டு பஸ் ஏறினோம். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலைக்கிராமம். முதல் நாள் நாங்கதான் ஹீரோ!

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பொடியன் காரை நீட்டினான். ''அண்ணா, ஓடல. சரி பண்ணிக் குடுங்க.''

கழற்றிப் பார்த்தோம். மூணாம் வருஷம் எலெக்ட்ரிகல் படிக்கிறவன் உட்பட ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலை. செம மானக்கேடு!

கேம்ப்புக்குச் சமைக்க வந்த அக்கா இதைப் பார்த்துச் சிரித்தார். பழைய ஸ்வெட்டரிலிருந்து ஒரு பெரிய பட்டனைப் பிய்த்தார். நூலைக் கோத்தார். சுழற்றி இழுத்தார். 'கிர்ர்ர்ர்...!' பசங்க மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிடுச்சு. மறுநாள் காலையில் எங்களில் பாதிப் பேர் ஸ்வெட்டரில் பட்டனே இல்லை!

நீங்களும் வீட்டுல இருக்கிற குட்டீஸோடு செய்யலாம். பெரிய பட்டன் ஒன்று, சுமார் ஒரு மீட்டர் கனமான நூல் போதும். ஒரு ஓட்டையில் நூலை நுழைத்து, எதிர் ஓட்டை வழியாகத் திருப்பி எடுத்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போடுங்க. பட்டன் நடுவில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் விரலை மாட்டி, பட்டனை வட்டமாகச் சுற்றினால் நூல் முறுக்கேறும். இப்போ இழுங்க... முறுக்கு பிரியும்போது கையைத் தளர்த்துங்க. பட்டன் சுழன்ற வேகத்திலேயே நூல் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். திரும்ப இழுங்க. அவ்வளவுதான் சூட்சுமம்!

பட்டன் இல்லையா? கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டுங்க. மையத்திலிருந்து சம தூரத்தில் இரண்டு ஓட்டை. தூரம் மாறினால் தள்ளாடும். முகத்துக்கும் முடிக்கும் கிட்டே சுத்தக் கூடாது. பட்டனை வாயில் போடுகிற வயசுக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

'பூ, இவ்வளவுதானா' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த மனு பிரகாஷ், இப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 2013-ல் உகாண்டா போனபோது, ஒரு மருத்துவ மையத்தில் ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மெஷின் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்ததைப் பார்த்தார். காரணம், கரன்ட் இல்லை! இந்தப் பட்டன் பொம்மையை வைத்தே விடை கண்டுபிடித்தது அவருடைய குழு. காகிதமும் நூலும் கொண்ட 'பேப்பர்ஃபியூஜ்' 2017-ல் வெளியானது. எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்க சென்ட். நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று! ஒன்றரை நிமிஷத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடும். கரன்ட் எட்டாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அதே கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-ல் படிப்பை முடித்தவர் அரவிந்த் குப்தா. 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் சேர்ந்தவர், சந்தையில் பார்த்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் செய்தார். மருந்தைச் சுரண்டிவிட்டு நீங்களும் செய்து பாருங்க. சதுரம் அமுக்கினால் சாயும், முக்கோணம் அசையாது. பாலங்களில் ஏன் இத்தனை முக்கோணம் என்று குட்டீஸுக்குக் கையாலேயே புரிந்துவிடும். குப்பையிலிருந்து பொம்மை செய்தே வாழ்ந்த இவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடைசி நாள். பஸ் கிளம்பும் நேரம். டாட்டா காட்டிக்கொண்டிருந்த அந்தப் பொடியனின் பட்டனில் நூல் அறுந்துவிட்டது. இறங்கிப் போய்க் கட்டித் தரலாம் என்று எழுந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பல்லால் நூலைக் கடித்து, முடிச்சுப் போட்டு, இழுத்தான்.

'கிர்ர்ர்ர்...!'