ஆவாரம்பூ டீ: பறிக்கிறதுல இருந்து வடிகட்டுற வரைக்கும்

இது மண்டகப்பட்டு, விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டுல பாறையைக் குடைஞ்சு எடுத்த கோயில் இங்கதான் இருக்கு. இப்படிப் பாறையும் கரம்புமா கிடக்கிற நிலத்துல, யாரும் தண்ணி ஊத்தாமலே பூக்கிற செடி ஆவாரை. அந்தப் பூவுல டீ எப்படிப் போடறதுன்னு பார்ப்போம்.

முதல் வேலை, பூவை அடையாளம் பார்க்கிறது. ஆவாரை இலை, புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியா இருக்கும். பூவுல அஞ்சு இதழும் தனித்தனியா விரிஞ்சிருக்கும். இதோட குழப்பிக்கக்கூடிய மஞ்சள் அரளியில இதழெல்லாம் அடியில குழலா சேர்ந்திருக்கும். இலை நீளமா, ஒல்லியா இருக்கும். கிள்ளினா பால் வரும். அது விஷம், இதயத் துடிப்பையே நிறுத்திடும். சந்தேகம்னா தொடாதீங்க. ஹைவே ஓரத்துப் பூவும், மருந்தடிச்ச வரப்புப் பூவும் வேண்டவே வேண்டாம்.

காலையிலேயே பறிச்சிடுங்க. உதறி எறும்பைப் போக்கி, காம்பு கிள்ளி, அலசி, வெள்ளைத் துணியில பரப்பி நிழல்ல காய வைங்க. வெயில்ல போட்டா நிறம் வெளுத்துடும். விரல்ல நசுக்கினா நொறுங்கணும். வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. அப்படியே பாட்டில்ல போட்டா பூஞ்சணம் பிடிச்சிடும்.

இப்ப டீ. ஒரு டம்ளர் தண்ணியில தட்டின சுக்கு கொஞ்சம், ஏலக்காய் ஒண்ணு போட்டுக் கொதிக்க விடுங்க. கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, காய்ஞ்ச பூ ஒரு டீஸ்பூன் போட்டு மூடி வைங்க. 5 நிமிஷத்துல சாறு மஞ்சளா இறங்கிடும். வடிகட்டி, பனைவெல்லம் சேர்த்துக் குடிங்க. பால் வேண்டாம்.

பூவை ஏன் கொதிக்க விடலைன்னு கேட்பீங்க. ஆவாரையில டானின் இருக்கு. அதனாலதான் அதோட பட்டையைத் தோல் பதனிடவே பயன்படுத்தினாங்க. அதிகம் கொதிச்சா துவர்ப்பு ஏறி, நாக்கைப் பிடிக்கும்.

கடைசியா சொல்றதைக் கவனமா கேளுங்க. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும்னு நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. மாத்திரையோட சேர்ந்து சர்க்கரை அளவு ரொம்ப இறங்கவும் வாய்ப்பிருக்கு. சர்க்கரை நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க, டாக்டர்கிட்டயோ அரசு மருத்துவமனை சித்தா பிரிவுலயோ கேட்டுட்டே குடிங்க. மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும்.

பறிக்கும்போது ஒரே செடியை மொட்டையடிக்காதீங்க. பாதிப் பூவை விட்டா காய் பிடிக்கும், விதை விழும். அடுத்த வருஷமும் உங்க ஊர்க் கரம்புல ஆவாரை இருக்கும்.