பழைய மல்டிமீட்டர் வாங்கலாமா?

(வானொலி உரை)



மூன்று பேஸில் ஒன்று வராவிட்டாலும், வோல்டேஜ் மிகவும் குறைந்தாலும் பம்ப்செட் மோட்டாரின் காயில் கருகிவிடும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் மோட்டாரைப் போடுமுன் பார்த்துக்கொள்ளலாம். பழைய மீட்டர் வாங்கப் போனால், "கம்பெனி மீட்டருக்கு ஏன் இத்தனை விலை?" என்ற கேள்வி வரும்.

வோல்டேஜ் காட்டுவதில் மலிவு மீட்டரும் மோசமில்லை. 400 வோல்ட்டா, 405 வோல்ட்டா என்பது நமக்குப் பெரிதல்ல. 400ஆ, 330ஆ என்பதே முக்கியம். ஆகவே கூடுதல் விலை துல்லியத்துக்கு அல்ல, உயிர்க்காப்புக்கு.

எப்படி? ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகியபடியே மறதியாக வோல்டேஜ் பார்த்தால், மீட்டருக்குள் ஷார்ட் ஆகும். நல்ல மீட்டரில் தடித்த பீங்கான் ஃபியூஸ் அதை அணைத்துவிடும். மலிவு மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்க:

1. பின்மூடியைக் கழற்றிப் பாருங்க. ஃபியூஸுக்குப் பதில் கம்பியோ, ஈயத்தாளோ வைத்திருந்தால் எந்தக் கம்பெனியானாலும் வேண்டாம். பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தாலும் விட்டுவிடுங்க.

2. ஒயர் துளையருகே 'கேட் 3, 600 வோல்ட்' என்ற குறி இருக்கிறதா பாருங்க. மலிவு மீட்டரில் இந்தக் குறியை மட்டும் நம்ப முடியாது.

3. ஓம்ஸில் வைத்து இரு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்க. பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். எண் தாவினால் வேறு ஒயர் மாட்டிப் பாருங்க. அப்போதும் தாவினால் திருகுசுவிட்ச் தேய்ந்துவிட்டது.

4. புது டார்ச் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். கரண்ட் வோல்டேஜைக் கடையிலுள்ள புது மீட்டரோடு ஒப்பிடுங்க.

மோட்டார் இழுக்கும் ஆம்பியரை மல்டிமீட்டரில் பார்க்க வேண்டாம். 5 குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான். கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதற்கு ஒயரைச் சுற்றிக் கவ்வும் டாங் டெஸ்டர்தான் சரி. வோல்டேஜும் பார்க்கும் டாங் டெஸ்டர் கிடைத்தால் இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும்.

மோட்வானே, மெக்கோ, ரிஷப், ஃப்ளூக் போன்ற மீட்டர்கள் இந்தச் சோதனைகளில் தேறினால், பழையதானாலும் கூடுதல் விலை கொடுக்கலாம். தேறாவிட்டால் வெறும் பெயருக்குப் பணம் தராதீங்க. டிராக்டர் பாட்டரியும் டார்ச் செல்லும் பார்க்க மட்டும் என்றால் மலிவு மீட்டரே போதும்.

ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீங்க. பழக்கமில்லாதவர்கள் ஒயர்மேனிடம் கற்றுக்கொண்டு தொடுங்க.