நஞ்சும் மருந்தாகும்

சென்ற வருடம் என் உம்மும்மாவின் நெற்றியில் அக்கி போட்டது. கொப்புளங்கள் சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை. முக்காடு நெற்றியில் உரசினாலும், மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் "நெருப்பு வெச்ச மாதிரி எரியுது மகள்" என்பார். பார்ப்பதற்குக் காயமே இல்லை. அதனால் சில வேளைகளில் நாங்களே அவரை நம்பவில்லை. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிறுவயதில் கொப்புளிப்பானைத் தரும் வைரஸ், நோய் மாறிய பின்னும் நரம்பின் வேரில் உறங்கிக் கிடக்கும். முதுமையில் உடல் பலவீனமடையும்போது விழித்து அக்கியாக வரும். அப்போது நரம்பு சேதமடைந்தால், தோல் ஆறிய பின்னும் அது வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் யாருமில்லாமலே அடிக்கும் அழைப்பு மணி போன்றது அது.

குளிசைகள் உம்மும்மாவுக்குத் தலைச்சுற்றைத் தந்தன. பூச்சு மருந்தும் போதவில்லை. பின்னர் நரம்பியல் வைத்தியர், "பொட்டுலினம் நச்சு ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்றார். "நஞ்சா?" என்று உம்மா திடுக்கிட்டார். "முகச் சுருக்கம் போக்கும் பொட்டொக்ஸ் ஊசி இந்த வயதிலா?" என்று சாச்சி சிரித்தார். நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஜேர்மனியில் கெட்டுப்போன சொசேஜை உண்டு பலர் மாண்டார்கள். அதை ஆராய்ந்தவர் யுஸ்டினஸ் கேர்னர் என்னும் வைத்தியர். அவர் ஒரு கவிஞரும்கூட. இந்த நஞ்சு சிறிய அளவில் மருந்தாகலாம் என்று 1822ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். இதை உண்டாக்கும் பக்டீரியாவை 1895இல் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கெம் கண்டறிந்தார். 1989இல் அமெரிக்கா மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதை மருந்தாக அங்கீகரித்தது. 2010இல் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் அங்கீகாரம் கிடைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நரம்பின் நுனியில் இரசாயனத் தூதுகள் நிறைந்த நுண்ணிய பைகள் உள்ளன. அவை திறப்பதற்கு உதவும் ஒரு புரதத்தை இந்த நஞ்சு வெட்டிவிடுகிறது. தசைக்குச் செல்லும் தூது நின்றால் தசை தளரும். அதுபோல, வலி நரம்பு வெளியிடும் தூது குறைந்தால் வலியும் தணியும். நரம்பு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவதால் பலன் ஏறத்தாழ மூன்று மாதங்களே நீடிக்கும்.

ஒரு குப்பியில் இருப்பது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் மாத்திரமே. அளவு பிசகினால் விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடப் பாதிக்கப்படலாம். ஆகவே பயிற்சி பெற்ற வைத்தியரே இதைப் போட வேண்டும். நரம்பு வலிக்கு இது முதல் மருந்தும் அல்ல. மற்றவை பலனளிக்காதபோது நாடப்படுவது. எல்லோருக்கும் பலன் தரும் என்ற உறுதியும் இல்லை.

உம்மும்மாவின் நெற்றியில் சிறு சிறு ஊசிகளாகப் போட்டார்கள். ஒரு வாரத்திற்குப் பின் எரிவு குறையத் தொடங்கியது. முற்றாகப் போகவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் தானே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். உம்மா எதுவும் பேசவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அக்கி கண்டால் மூன்று நாட்களுக்குள் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். காயம் தெரியாவிட்டாலும், "வலிக்கிறது" என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.