வாட் எண்ணை நம்பி ஒலிபெருக்கி வாங்கலாமா?

சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் புலனத்தில் இரண்டு படங்களை அனுப்பி, “சார், இதில் எதை வாங்குவது?” என்று கேட்டிருந்தார். ஒன்று, இடுப்பளவு உயரமுள்ள கறுப்புப் பெட்டி. வண்ண விளக்குகள் மின்னும் அதன் முகப்பில் ‘5,000 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மற்றொன்று அதில் பாதி உயரம்கூட இல்லாத பெட்டி. 300 வாட்தான். விலையோ கூடுதல்.

வார நாள்களில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் பிறந்தநாள், நிச்சயதார்த்தம், திறந்த இல்ல உபசரிப்பு போன்ற சிறிய விழாக்களில் டிஜே. மடிக்கணினியும் சிறிய கண்ட்ரோலரும் அவருடையவை. ஒலிபெருக்கி மட்டும் வாடகை. கைக்கு வரும் பணத்தில் பாதி அந்த வாடகைக்கே போகிறது. சிறுகச் சிறுக 3,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறார். வாங்குவது எதுவானாலும் அவருடைய மைவி காருக்குள் அடங்க வேண்டும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. “கடைக்குப் போய், அந்தப் பெரிய பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு” என்றேன். படம் வந்தது. தகட்டில் இருந்த மின் பயன்பாடு: 80 வாட்.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுவரிலிருந்து 80 வாட் எடுக்கும் பெட்டி 5,000 வாட்டை எங்கிருந்து கொண்டுவரும்? இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இசை ஒரே சீராக ஓடுவதில்லை. மேளம் அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் மின்சாரம் அதிகமாகத் தேவைப்படும்; அதைப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சேமித்துக் கொடுக்கும். நேர்மையான தயாரிப்பிலும் முகப்பு எண் தகட்டு எண்ணைவிடச் சில மடங்கு கூடுதலாக இருக்கலாம். அறுபது மடங்கு இருக்க முடியாது. ‘பிஎம்பிஓ’ என்ற எழுத்துகளுடன் வரும் வாட் கணக்கெல்லாம் இந்த வகைதான். அதை அளக்க ஒரு பொதுவான விதி கிடையாது. விற்பவர் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம்.

வாட் உண்மையாகவே இருந்தாலும் அது சத்தத்தின் அளவு ஆகாது. ஒலிபெருக்கிக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஒலியாக வெளியே வருகிறது. மீதி வெப்பம். அந்த ஒன்றிரண்டு பங்கு பெட்டிக்குப் பெட்டி மாறும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் ஒரு பெட்டி 90 டெசிபெல் தரும், இன்னொன்று 96 டெசிபெல் தரும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். ஆகவே, இரண்டாவது பெட்டி 100 வாட்டில் எழுப்பும் சத்தத்தை எட்ட, முதல் பெட்டிக்கு 400 வாட் வேண்டும். டெசிபெல் கணக்கில் 10 கூடினால்தான் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை.

அதனால் விவரத்தாளில் நீங்கள் தேட வேண்டிய எண் வேறு. ‘உச்ச ஒலியழுத்தம்’ என்று டெசிபெல்லில் ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லாத பெட்டி என்றால், என் கருத்தில், அதைத் தொழிலுக்கு வாங்க வேண்டாம்.

கூடாரத்தின் கடைசி மேசை

அந்த எண்ணை இடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நம் தாமான்களில் வீட்டு வாசலில் போடும் கூடாரம் பெரும்பாலும் 20 அடிக்கு 20 அடி. மூன்றை வரிசையாகப் போட்டால் நீளம் 18 மீட்டர். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். 110 டெசிபெல் என்று குறிப்பிட்ட பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நொடிப்பொழுது உச்சம் என்பதால், பாட்டின் சராசரிக்காக 10 டெசிபெல் கழித்துவிடுங்கள். 1 மீட்டரில் 100. 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82, 16 மீட்டரில் 76.

ஆடுகிறவர்களுக்கு 88 தாராளம். கடைசி மேசையில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சுற்றியுள்ள பேச்சும் சிரிப்புமே அந்த 76-ஐ மூழ்கடித்துவிடும். உடனே “சத்தத்தைக் கூட்டு, தம்பி” என்று பின்னாலிருந்து குரல் வரும். கூட்டினால் பெருக்கி எல்லை தாண்டும். பெட்டியின் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறதா? அலைகளின் தலை வெட்டுப்படுகிறது என்று பொருள். குரல் கரகரக்கும்; அப்படியே விட்டால் முதலில் சாவது, உச்சத்தொனியைத் தரும் சின்ன ஒலிபெருக்கி.

இதற்குப் பெரிய ஒரே பெட்டியைவிட நடுத்தரமான இரண்டு பெட்டிகள் மேல். ஒரே பாட்டை இரண்டும் சேர்ந்து ஒலித்தால் 3 முதல் 6 டெசிபெல் வரை கூடும். தேவைப்பட்டால் ஒன்றைக் கூடாரத்தின் நடுவே கொண்டுபோய் வைக்கலாம். ஒன்று பழுதானாலும் விழா நிற்காது. தாங்கியில் ஏற்றித் தலைக்கு மேல் வையுங்கள். உச்சத்தொனியை மனித உடலும் உடையும் நன்றாகவே உறிஞ்சிவிடும். தரையில் வைத்த பெட்டியின் பாட்டுச் சொற்கள் முதல் வரிசையோடு நின்றுவிடும். மைக்கை எப்போதும் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போனால் அது ஊளையிடும் என்பது பள்ளிச் சபைகூடலில் நின்ற எவருக்கும் தெரியும்.

உறுமியின் உறுமல்

இனி, எல்லாரும் கேட்கும் ‘பேஸ்’. உறுமி மேளம் இல்லாமல் நம் விழா நிறைவதில்லை. அந்த அடித்தொனிதான் சின்னப் பெட்டியைச் சோதிப்பது.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு சாண். 50 ஹெர்ட்ஸுக்கு 7 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே அளவு சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டியிருக்கும். 8 அங்குலக் கூம்பு அதற்கு எவ்வளவுதான் துள்ளும்? 12 அங்குலக் கூம்பின் பரப்பு அதைவிட இரண்டே கால் மடங்கு பெரியது.

அமெரிக்காவின் கேஎல்எச் ஒலிபெருக்கி நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன். அவர் பெயரால் ‘இரும்பு விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். சிறிய பெட்டி, ஆழமான அடித்தொனி, குறைந்த மின்சாரத்தில் நிறைந்த சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் பெற முடியும். இன்றைய பெட்டிகள் ‘டி வகுப்பு’ பெருக்கியால் இந்த விதியோடு பேரம் பேசுகின்றன. டிரான்சிஸ்டர்களை நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து மூடுவதால், மின்சாரத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை அது கூம்புக்குக் கடத்திவிடுகிறது. பழைய பெருக்கிகளுக்குத் தேவைப்பட்ட கனத்த இரும்பு மின்மாற்றியும் பெரிய வெப்பத் தகடுகளும் போய்விட்டன. பெட்டி எடை குறைந்தது அதனால்தான். ஆனால் கூம்பின் பரப்பை எந்தப் பெருக்கியாலும் கூட்ட முடியாது.

விவரத்தாளில் ‘50 ஹெர்ட்ஸ் முதல்’ என்று இருந்தால் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். ‘மைனஸ் 10 டெசிபெல்’ என்று இருந்தால், அந்தத் தொனியில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் வரும். காதுக்குப் பாதிச் சத்தம். ‘மைனஸ் 3’ என்ற கணக்கில் எங்கே தொடங்குகிறது என்பதே உண்மையான அடி. கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ள உறுமிப் பாட்டையே கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அந்தப் பெட்டிக்குப் பொருத்தமாகப் பொறுக்கியதாக இருக்கும். எட்டு மீட்டர் பின்னால் போய் நின்று, சத்தத்தை முக்கால்வாசி கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மின்கலப் பெட்டிகள் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வசதி. ‘12 மணி நேரம்’ என்பதெல்லாம் மிதமான சத்தத்துக்கான கணக்கு; ஆட்டம் சூடுபிடித்தால் வேகமாகக் கரையும். மின் இணைப்பு கிடைக்கும் வீட்டு விழாக்களுக்கு அந்த மின்கலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பேன்.

புளூடூத்தை டிஜே வேலைக்கு நம்பாதீர்கள். பாட்டைச் சுருக்கி அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் 100 முதல் 200 மில்லிநொடி வரை கடந்துவிடும். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 500 மில்லிநொடி. உங்கள் காதணியில் கேட்பதும் பெட்டியில் ஒலிப்பதும் கிட்டத்தட்ட அரைத் தாளம் விலகி நின்றால் இரண்டு பாட்டுகளை எப்படி இணைப்பது? கம்பிதான் சரி, அதிலும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் கம்பி. அதில் ஒரே ஒலி இரண்டு இழைகளில் எதிரெதிராகச் செல்கிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். பெட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து பாட்டு மட்டும் மிஞ்சும்.

மாணவர் கடைசியில் எடுத்தது இரண்டு 10 அங்குலப் பெட்டிகள், இரண்டு தாங்கிகள், இரண்டு நீளக் கம்பிகள். பின் இருக்கையை மடக்கினால் மைவிக்குள் அடங்குகின்றன. தனி அடித்தொனிப் பெட்டிக்கு இப்போது பணம் இல்லை. பெரிய விழா வந்தால் அதை மட்டும் வாடகைக்கு எடுப்பார். அதைச் சுவரை ஒட்டி வைத்தால் அடித்தொனி செலவில்லாமல் கூடும்.

அவருடைய முதல் விழாவுக்குப் போயிருந்தேன். அவர் நிற்கும் இடத்தில் கைப்பேசிச் செயலி காட்டியது 97 டெசிபெல். செயலியின் கணக்கு முன்பின் இருக்கலாம்தான். ஆனாலும் எனக்குத் திக்கென்றது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள்படி ஒரு தொழிலாளி நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. 97க்கு அரை மணி. விருந்தாளிகள் வந்து போவார்கள். டிஜே நான்கு மணி நேரம் அங்கேயே நிற்கிறார், வாரா வாரம். உள்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் வலிக்காது. விழா முடிந்த இரவு காதில் ‘ஙொய்’ என்று கேட்கும், காலையில் நின்றுவிடும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெட்டிகளை இரண்டு மீட்டர் முன்னுக்குத் தள்ளி, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தோம். அவர் நின்ற இடத்தில் செயலி 89-க்கு இறங்கியது. ஆடுகிறவர்கள் யாரும் வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இசைக்கலைஞர்கள் போடும் காதுச் செருகி ஒரு சோடி வாங்கச் சொன்னேன். “பணம் எல்லாம் முடிஞ்சிருச்சு சார், அடுத்த மாசம்” என்றார். என் பையில் இருந்த சோடியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.