ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: சார்ஜிங் நிலையத்தில் நம் சரக்கு வண்டி



பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிகளை நம் உறுப்பினர்கள் சிலர் வாங்கியிருக்கிறார்கள், சிலர் விலை கேட்டு வருகிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. வெளியூரில் பொதுச் சார்ஜிங் நிலையத்தில் வண்டியை நிறுத்தும் முன் பார்க்க வேண்டிய கணக்கை மட்டும் இங்கே சொல்கிறோம். அந்தக் கணக்கை நாங்கள் ஒரு நல்ல வாடிக்கையை இழந்தே படித்தோம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். விருதுநகரில் சரக்கு ஏற்றி, சாத்தூர், கோவில்பட்டி கடைகளில் இறக்கி, கடைசியாக எட்டயபுரம் போய்த் திரும்ப வேண்டும். போக வர ஏறக்குறைய 130 கி.மீ. எங்கள் வண்டியின் பேட்டரி 21 யூனிட் கொள்ளும். லோடுடன் யூனிட்டுக்கு 5 கி.மீ. ஓடும். ஆகவே வழியில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். கோவில்பட்டியில் பாதி பேட்டரி மீதமிருந்தது. நிலையத்தில் 22 கிலோவாட் என்று எழுதியிருப்பதாக டிரைவர் போனில் சொன்னார். "அப்படியானால் அரை மணியில் முடிந்துவிடும், போட்டுக்கொண்டே போ" என்று நாங்களும் சொல்லிவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏறியது மூன்று யூனிட்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று மணி நேரம் போயிற்று. எட்டயபுரம் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து மணி, கடை பூட்டியிருந்தது. மறுநாள் அந்தக் கடைக்காரர், "அண்ணாச்சி, உங்க மைதாவையும் சீனியையும் நம்பி வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். அவர் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த வாரச் சீட்டு எங்களுக்கு வரவில்லை.

தவறு எங்கே நடந்தது?

பேட்டரியில் நேர்மின்சாரம், அதாவது டி.சி. மட்டுமே ஏறும். நம் கடைக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றியாக வேண்டும். மெதுவாக ஏற்றும் நிலையத்தில் அந்த வேலையைச் செய்வது வண்டிக்குள் இருக்கும் சிறிய சார்ஜர். எங்கள் வண்டியில் அது 3.3 கிலோவாட். நிலையத்தில் 7 என்று இருந்தாலும் 22 என்று இருந்தாலும் மணிக்கு 3.3 யூனிட்டுக்கு மேல் ஏறாது. அண்டா நிறையத் தண்ணீர் இருந்தாலும் புனலின் வாய் எவ்வளவோ அவ்வளவுதானே இறங்கும்?

வேகமாக ஏற்றும் நிலையத்தில் மாற்றும் வேலையை நிலையமே செய்து, டி.சி.யாக நேரே பேட்டரிக்குக் கொடுக்கிறது. அதற்குரிய செருகுவாய் வண்டியில் இருந்தால்தான் பயன். இருந்தாலும் 80 சதம் ஏறிய பிறகு வேகம் குறைந்துவிடும். கடைசி 20 சதத்துக்காகக் காத்திருப்பது வியாபாரிக்கு ஆகாது.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். அவற்றில் பேட்டரி சிறியது, பெரும்பாலானவை ஏ.சி.யில் மெதுவாக மட்டுமே ஏறும். பெட்ரோல் துணைக்கு இருப்பதால் அவர்கள் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. நமக்கு அந்தத் துணை இல்லை.

லாபக் கணக்கு

டீசல் லிட்டர் ரூ. 92, வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கி.மீ.க்கு ரூ. 5.75 ஆகிறது. பொது நிலையத்தில் யூனிட் ரூ. 20 என்றால் 18 சத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 23.60, அதாவது கி.மீ.க்கு ரூ. 4.72. நம் கிட்டங்கியில் யூனிட் ரூ. 10 என்று கொண்டு, ஏற்றும்போது வீணாவதற்குப் பத்து சதம் சேர்த்தாலும் கி.மீ.க்கு ரூ. 2.20தான்.

கோவில்பட்டியில் நாங்கள் ஏற்றிய 10 யூனிட்டில் 50 கி.மீ. ஓடலாம். டீசலைவிட மிச்சமானது சுமார் ரூ. 51. அதற்காக டிரைவர் மூன்று மணி நேரம் நின்றார், வாடிக்கையும் போயிற்று. பேட்டரி வண்டியின் லாபம் இரவில் நம் கிட்டங்கியில் ஏற்றுவதில்தான் இருக்கிறது. பொது நிலையம் ஆபத்துக்கு உதவும் கைமாற்றுப் போன்றது, அதை அன்றாட முதலாக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. வண்டி வாங்கும்போதே உள் சார்ஜர் எத்தனை கிலோவாட், டி.சி. வேகச் சார்ஜ் உண்டா என்று எழுதி வாங்குங்கள்.

2. சரக்கு முதலில், சார்ஜ் பிறகு. எட்டயபுரம் 15 கி.மீ.தான். பாதி பேட்டரியில் போய் இறக்கிவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்து ஏற்றியிருந்தால் வண்டிதான் தாமதமாகியிருக்கும், வாடிக்கை தப்பியிருக்கும்.

3. புறப்படும் முன் நிலையத்தின் செயலியில் இயந்திரம் ஓடுகிறதா என்று பாருங்கள். வழியில் இரண்டாவது நிலையம் ஒன்றையும் குறித்து வையுங்கள். செயலியில் முன்பணம் இருக்கட்டும். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு.

4. 2024 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை நிலையங்களுக்கு மின்சாரம் குறைந்த விலையிலும் மற்ற நேரத்தில் கூடுதல் விலையிலும் கொடுக்கச் சொல்கிறது. பகல், இரவு விலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்து பில் வாங்குங்கள். சரக்கு வண்டிக்கான செலவு என்பதால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க வழியுண்டு, கணக்கரைக் கேளுங்கள். காம்போசிஷன் முறையில் இருப்போருக்கு அது கிடையாது.

6. கிட்டங்கியில் ஏற்ற 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சாக்கு, அட்டைப் பெட்டி, வத்தல் மூட்டை பக்கத்தில் இருக்கலாகாது. 3.3 கிலோவாட் கூடுவதால், அனுமதித்த மின்பளு போதாவிட்டால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

தராசைப் பார்க்காமல் நாம் ஒரு படி பருப்பைக்கூட நிறுப்பதில்லை. மின்சாரமும் நிறுத்து வாங்கும் சரக்குதான். எட்டயபுரம் கடைக்காரரை நேரில் போய்ப் பார்த்து வந்தோம். பொங்கலுக்குச் சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவர் கடைக்கே முதலில் இறக்குவோம்.